ஈசான் கிராமத்துக் கோயிலில் என்னை நாய் கடித்த நாள்

2024 ஜூலை 20ஆம் தேதி காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு, தாய்லாந்தின் வடகிழக்கில் ஒரு கிராமத்துப் புத்தர் கோயிலின் படியில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது, என் இடது கெண்டைக்காலை ஒரு நாய் கடித்தது. அதை நான் ஐந்து மணி நேரம் யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு நான் பட்ட அலைச்சலுக்கும் செலவுக்கும் பயத்துக்கும் பாதிக் காரணம் அந்த நாய். மீதிப் பாதிக்குக் காரணம் என் மௌனம். புறப்படுவதற்கு முன் நான் தேடிப் படித்த பயணக் குறிப்புகள் எதிலும் கோயில் நாய்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தாய்லாந்துக் கிராமங்களுக்கும் அங்குள்ள வனக் கோயில்களுக்கும் போக நினைப்பவர்கள், குறிப்பாகத் தனியாகப் போகும் பெண்கள், என்னைப் போல் திண்டாடக் கூடாது என்பதற்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பாங்காக்கின் கடைத்தெருக்களிலோ கடற்கரைகளிலோ எனக்கு நாட்டம் இருக்கவில்லை. அந்த நாட்டின் வனத்துறவு மரபைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்துவந்தேன். அம்மரபுக்குப் புத்துயிர் கொடுத்த அஜான் மன் 1870இல் பிறந்தது ஈசான் என்று அழைக்கப்படும் வடகிழக்குப் பகுதியின் உபோன் ராட்சதானி மாகாணத்தில்; அவரைச் சந்தித்து வழி தெளிந்த அஜான் சா 1918இல் பிறந்ததும் அங்கேதான். அஜான் என்ற சொல் ஆசாரியன் என்பதன் தாய்லாந்து வடிவம். ஊரின் பெயரும் அப்படியே: நாம் நீலோற்பலம் என்கிறோமே, அந்த உற்பலமும் ராஜதானியும் சேர்ந்ததுதான் உபோன் ராட்சதானி. தாம் பிறந்த ஊருக்கு அருகிலிருந்த காட்டில் அஜான் சா 1954இல் நிறுவிய வாட் நோங் பா போங் கோயிலையும், வெளிநாட்டவர் ஆங்கிலத்தில் துறவுப் பயிற்சி பெறுவதற்காக 1975இல் புங் வாய் கிராமத்தருகே தொடங்கப்பட்ட வாட் பா நானாசாட் கோயிலையும் பார்க்க வேண்டும், சுற்றியுள்ள கிராமம் ஒன்றில் சில நாள் இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். தோழி ஒருத்தியின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தாய்லாந்துப் பெண் ஒருவர், வாரின் சம்ராப் வட்டத்திலிருந்த தம் பாட்டி வீட்டில் நான் தங்க ஏற்பாடு செய்து தந்தார்.

போக்குவரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாங்காக்கிலிருந்து தொலைதூர ரயில்கள் 2023 ஜனவரி முதல் கிருங் தெப் அபிவாட் என்ற புதிய நிலையத்திலிருந்துதான் புறப்படுகின்றன. பழைய வழிகாட்டிகளை நம்பி ஹுவா லம்போங் நிலையத்துக்குப் போனால் வண்டியைத் தவற விட்டுவிடுவீர்கள். இரவு ரயிலில் படுக்கை வசதி நன்றாக இருக்கிறது. விடிந்து சிறிது நேரத்தில் இறங்கிவிடலாம். உபோன் ரயில் நிலையம் நகரத்துக்குள் இல்லை. மூன் ஆற்றின் தென்கரையில், வாரின் சம்ராப்பில் இருக்கிறது. நான் சொன்ன இரண்டு கோயில்களும் ஆற்றின் அந்தப் பக்கமே இருப்பதால் நகரத்துக்குள் போய்த் திரும்பி வரத் தேவையில்லை.

நான் செய்த முதல் பிழை நாள் பார்க்காதது. ஆடிப் பௌர்ணமி அங்கே ஆசான்ஹ பூஜை. புத்தர் தம் முதல் உபதேசத்தைச் செய்த நாள். மறுநாள் காவ் பன்சா, அதாவது துறவிகள் மூன்று மாதம் ஒரே கோயிலில் தங்கியிருக்கும் மழைக்காலம் தொடங்கும் நாள். இந்த இரண்டு நாட்களை ஒட்டி உபோன் நகரில் மெழுகைச் சிற்பம்போல் செதுக்கி ஊர்வலமாகக் கொண்டுவரும் பெருந்திருவிழா நடக்கிறது. 2024இல் இவை சனி, ஞாயிறு நாட்களில் வந்தமையால் திங்களும் விடுமுறை. விழாவைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல நாள் இல்லை. ஆனால் அந்த நாட்களில் அலுவலகங்கள் மூடியிருக்கும், விடுதி அறைகள் நிறைந்திருக்கும், ரயில்களில் இடம் கிடைக்காது என்பதை நான் யோசிக்கவேயில்லை. இரண்டாவது பிழை, பயணக் காப்பீடு எடுக்காதது. இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை என்று ஆகியிருந்த நேரம் அது. யாரும் எந்தத் தாளும் கேட்கவில்லை என்பதால் காப்பீட்டையும் அநாவசியம் என்று ஒதுக்கினேன். ஒரு வாரத்துக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகியிருக்கும்.

கிராமம் எனக்கு முதல் மணி நேரத்திலேயே பிடித்துப்போனது. நாற்று நடவு நடந்துகொண்டிருந்தது. தூண்கள் மேல் நின்ற மரவீடு. கீழ்த்தளத்தில் ஒரு தறி, இரண்டு மூங்கில் கட்டில்கள், ஒரு மோட்டார் சைக்கிள். பாட்டியை அந்தப் பகுதிப் பேச்சில் மே யாய் என்று அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னை ‘லூக்’ என்றார். பிள்ளை என்று பொருள். ஈசான் மக்கள் பேசுவது லாவோ மொழியோடு நெருங்கிய பேச்சு என்பதால் நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்த பாங்காக் தாய் வாக்கியங்கள் பாதிதான் பயன்பட்டன. பள்ளியில் படிக்கும் அவருடைய இளைய பேத்தி கைப்பேசியின் மொழிபெயர்ப்பு வழியாக எங்களுக்கு நடுவில் இருந்து உதவினாள். சைவம் உண்பவர்களுக்கு ஒரு சொல்: ‘மங்சவிராத்’ என்று சொல்லுங்கள். மாமிச விரதி என்பதுதான் அப்படித் திரிந்திருக்கிறது. ஆனாலும் ஊறவைத்த மீன் சாறான ‘பிளா ரா’ பப்பாளிக்காய்ச் சாலட்டில்கூட இருக்கும், அதைத் தனியாகச் சொல்லி விலக்க வேண்டும். அதற்கு அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. மே யாய் எனக்காகத் தனி உரலில் இடித்துக் கொடுத்தார்.

19ஆம் தேதி இரண்டு கோயில்களுக்கும் போனேன். நோங் பா போங்கில் உயர்ந்த மரங்களுக்கு நடுவே அஜான் சாவின் அஸ்தி வைக்கப்பட்டுள்ள வெண்ணிறச் சேதியத்தின் (தூபியின்) முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இலை உதிர்வதும் யாரோ தரையைக் கூட்டும் துடைப்பச் சத்தமும் தவிர வேறு ஒலி இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இவ்வளவு தூரம் வந்திருக்கலாம் என்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். வனக் கோயில் துறவிகள் ஒரு நாளைக்கு ஒரே வேளை, காலையில் உண்பவர்கள். ஆகவே அந்த உணவு வேளைக்கு முன் போய்ச் சேர்ந்தால்தான் அவர்களைக் காணவும் பேசவும் முடியும். நானாசாட்டில் தங்க விரும்பினால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், திடீரென்று போய் நிற்கக் கூடாது. பெண்கள் துறவியைத் தொடக் கூடாது, எதையும் அவர் கையில் நேராகக் கொடுக்கக் கூடாது. அவர் ஒரு துணியைத் தரையில் விரிப்பார், பொருளை அதன் மேல் வைக்க வேண்டும். கால்களைப் புத்தர் சிலை பக்கம் நீட்டாமல் இரண்டையும் ஒரு புறமாக மடக்கி உட்கார வேண்டும். இதையெல்லாம் நான் நன்றாகப் படித்துத் தெரிந்துகொண்டு போயிருந்தேன். ஒழுங்கு தவறி யார் மனத்தையும் புண்படுத்திவிடக் கூடாது என்பதில் எனக்கு அவ்வளவு கவனம். அந்தக் கவனமே மறுநாள் எனக்கு எதிராகத் திரும்பியது.

பௌர்ணமி அன்று விடியலில் மே யாயுடன் வீட்டு வாசலில் மண்டியிட்டுப் பிட்சை இட்டேன். இதற்கு அவர்கள் சொல்லும் ‘தக் பாத்’ என்பதில் உள்ள பாத், நம் பாத்திரம்தான். ஈசானில் துறவியின் பாத்திரத்தில் இடுவது பெரும்பாலும் ஒட்டும் தன்மையுள்ள சோறு மட்டுமே. மூங்கில் கூடையிலிருந்து ஒரு கைப்பிடியை உருட்டி எடுத்து, பாத்திரத்தின் விளிம்பில் கை படாமல் உள்ளே விட வேண்டும். கூடையின் மூடியைத் திறந்தபோது எழுந்த ஆவியின் மணமும், வெறுங்காலுடன் வரிசையாக நடந்து வந்த ஏழு துறவிகளின் பாதங்களில் ஒட்டியிருந்த செம்மண்ணும் அப்படியே கண்ணில் நிற்கின்றன. கறி வகைகளைப் பெண்கள் பிறகு கோயிலுக்கு எடுத்துச் செல்கிறார்கள். நானும் ஒரு தூக்குப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன்.

தாய்லாந்துக் கிராமக் கோயில்களில் நாய்கள் மிகுதி. வளர்க்க முடியாதவர்கள் கோயில் வளாகத்தில் விட்டுவிடுகிறார்கள். துறவிகள் மிச்ச உணவைப் போடுகிறார்கள். பகலில் அவை சாதுவாகப் படுத்துக் கிடப்பதைப் பார்த்து நான் அஞ்சவில்லை. உணவு மண்டபத்தின் படிக்கட்டுக்குக் கீழே குட்டி ஈன்ற பெட்டை ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. கிராமத்தார் எல்லாரும் அந்தப் பக்கத்தைத் தவிர்த்து, வலது ஓரத்தில் செருப்பைக் கழற்றியிருந்தார்கள் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். நான் இடது ஓரத்தில் குனிந்தேன். குரைப்பே இல்லை. ஒரு உறுமல், அதே நொடியில் கடி. அது விட்டுவிட்டு மறுபடி குட்டிகளிடம் போய்விட்டது. காலில் நான்கு பற்குறிகள், இரண்டிலிருந்து இரத்தம் வடிந்தது. சுற்றிலும் எல்லாரும் மேலே போயிருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை.

அந்த இடத்தில் சத்தம் போட்டிருக்க வேண்டும். நான் செய்தது, குடிநீர்ப் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் காலில் ஊற்றி, கைக்குட்டையால் கட்டி, வெள்ளை நீளப் பாவாடையை இறக்கிவிட்டு மேலே போனது. ஆண்டின் மிகப் புனிதமான நாட்களில் ஒன்று, ஊரே கூடியிருக்கிறது, நான் விருந்தாளி. என்னால் சடங்கு நின்றுவிடக் கூடாது, அவர்கள் கோயில் நாய் கடித்தது என்று அவர்கள் தலைகுனியக் கூடாது என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் கால்களை மடக்கி உட்கார்ந்து பாலி ஓதலைக் கேட்டேன், ஆனால் ஒரு சொல்லும் மனத்தில் ஏறவில்லை. நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய்க்குச் சிகிச்சை ஏறக்குறைய இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே சிரித்த முகத்துடன் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தேன். கூச்சம் ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை அன்று அறிந்தேன்.

பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுப் படியேறும்போது பாவாடையில் கறையை மே யாய் பார்த்துவிட்டார். நாய் என்பதற்கு அவர்கள் சொல் ‘மா’. தொனி மாறினால் அதே ஒலி குதிரை என்றும் வா என்றும் பொருள்படும். நான் திரும்பத் திரும்ப ‘மா, மா’ என்று சொல்லச் சொல்ல அவர் என்னருகே வந்துகொண்டே இருந்தார். நான் அழைப்பதாக எண்ணியிருக்கிறார். பேத்தி கைப்பேசியை எடுத்து வந்தபின்தான் விளங்கியது. நாயின் படம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொள்வதும், ‘நாய் கடித்துவிட்டது, இரத்தம் வந்தது, தடுப்பூசி வேண்டும்’ என்ற வாக்கியத்தைத் தாய் எழுத்தில் சேமித்துவைப்பதும் இரண்டு நிமிட வேலை, செய்துவிட்டுப் புறப்படுங்கள். மே யாய் முதலில் வெற்றிலைப் பெட்டியிலிருந்து புகையிலையை எடுத்துக் காயத்தில் வைக்கப் போனார். நம் ஊரில் சுண்ணாம்பும் மஞ்சளும் வைப்பதைப் போன்ற அன்புதான் அது, ஆனால் காயத்தில் எதையும் வைக்கக் கூடாது. நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். அதற்குள் செய்தி கோயிலுக்குப் போய், முதிய துறவி வாசலுக்கு வந்துவிட்டார். லுவாங் போ என்று அவரை அழைப்பார்கள். அவர் என்னைத் தொட முடியாது, அருகில் வரவும் இல்லை. முற்றத்தில் நின்றபடியே குழாயைக் காட்டினார், சோப்பைக் காட்டினார், பிறகு விரல்களால் பதினைந்து என்று காட்டினார். பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கடித்த உடனே செய்ய வேண்டியது அது. மே யாய் என் காலைத் தம் மடியில் வைத்துத் துணி சோப்பால் கழுவினார். லுவாங் போ போகவில்லை, கழுவி முடியும்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றார். என்னிடம் அவர் கேட்டதாகப் பேத்தி மொழிபெயர்த்தது ஒரே கேள்வி: ஏன் அப்போதே சொல்லவில்லை?

கிராமத்தில் ‘அனாமை’ என்று சொல்லும் சிறு சுகாதார நிலையம் இருந்தது. அனாமயம், நோயின்மை என்ற நம் பழைய சொல்தான். விடுமுறை என்பதால் அது பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் பிக்கப் வண்டியில் வட்ட அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். அது விடுமுறையிலும் திறந்திருக்கும். அங்கே பரிவாகவே நடத்தினார்கள், காயத்தை மறுபடி கழுவி, டெட்டனஸ் ஊசியும் முதல் தடுப்பூசியும் போட்டார்கள், 620 பாட் (தாய்லாந்து நாணயம்) ஆயிற்று. ஆனால் இரத்தம் வரும்படி ஆழமாகக் கடித்த காயத்துக்குத் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றியே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் வேண்டும். அது அன்று அங்கே இருப்பில் இல்லை. நகரத்துக்குப் போகச் சொன்னார்கள். இங்கேதான் நான் பதறிப்போனேன். உடனே பாங்காக்குக்குப் பறந்துவிட வேண்டும், அங்கேதான் நல்ல மருத்துவம் கிடைக்கும் என்று விமானச் சீட்டைத் தேடத் தொடங்கினேன். செவிலியர் ஒருவர் கைப்பேசியை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, மாகாணத் தலைநகரிலேயே கிடைக்கும் என்று எழுதிக் காட்டினார். தடுப்பூசி அங்கே எல்லா அரசு மருத்துவமனைகளிலும் அன்றாட விஷயம். பாங்காக்கில் தாய் செஞ்சிலுவைச் சங்கத்தின் சாவோபா ராணி நினைவு நிறுவனம் ரேபிஸ் ஆய்வில் உலகப் புகழ் பெற்றது. நம் அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் தடுப்பூசி முறைக்கே தாய் செஞ்சிலுவை முறை என்றுதான் பெயர். அந்த நாட்டில் நாய்க்கடிக்கு மருத்துவம் தெரியாமல் இருக்குமா என்று நான் அஞ்சியது அறியாமை.

நகரத்தில் விழாக் கூட்டம். வழக்கமாக அரை மணி நேரப் பயணம் இரண்டு மணி நேரம் ஆனது. வண்டிக்காரர் பணம் வேண்டாம் என்றார், நான் வற்புறுத்தி எரிபொருளுக்கும் அவர் இழந்த ஒரு நாள் வேலைக்குமாக 1,500 பாட் கொடுத்தேன். தனியார் மருத்துவமனை ஒன்றில் என் எடையைப் பார்த்து அளவு கணக்கிட்டு இம்யூனோகுளோபுலினைக் காயத்தின் நான்கு புறமும் செலுத்தினார்கள். வலியை மறைக்காமல் சொல்கிறேன்: கடித்ததைவிட இது அதிகம் வலித்தது, அழுதுவிட்டேன். மே யாய் என் தலையைத் தம் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கட்டணம் 11,800 பாட். என் கையில் அப்போது இருந்த ரொக்கம் 200 பாட்டுக்கும் குறைவு. நல்ல வேளையாக அட்டையை ஏற்றுக்கொண்டார்கள். கிராமங்களில் ஏடிஎம் இருக்காது, நம் அட்டைக்கு ஒவ்வொரு முறை பணம் எடுக்கவும் 220 பாட் கட்டணம் பிடித்தார்கள். ஆகையால் நகரத்திலேயே ஒரே முறையாகப் போதிய ரொக்கம் எடுத்து, ஐயாயிரம் பாட்டையாவது அவசரத்துக்கென்று தனியே வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் ரூபாயில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம், பாட்டிலேயே கணக்கிடு என்று தேர்வுசெய்யுங்கள், அதில் நட்டம் குறைவு.

அன்றிரவு எட்டரை மணிக்குக் கிராமம் திரும்பினோம். பௌர்ணமி இரவில் கையில் தாமரை மொட்டும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் ஏந்திக் கோயிலை மூன்று முறை வலம் வருவது ‘வியன் தியன்’. அதைப் பார்க்கத்தான் இந்த நாளில் வந்திருந்தேன். முடிந்திருக்கும் என்று எண்ணிக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். வண்டி கோயில் வாசலில் நின்றது. மூன்றாவது சுற்றில் கடைசிச் சிலர் நடந்துகொண்டிருந்தார்கள். பேத்தி எனக்கென்று ஒரு மொட்டைத் தண்ணீர்க் குவளையில் போட்டு வைத்திருந்தாள். கட்டுப் போட்ட காலுடன், மே யாயின் தோளைப் பிடித்தபடி ஒரே ஒரு சுற்று வந்தேன். மெழுகு உருகிக் கைவிரலில் விழுந்தது சுட்டது; சுட்டபோதுதான் காலையிலிருந்து முதன்முறையாக உடல் தளர்ந்து நிம்மதி வந்ததை உணர்ந்தேன்.

மறுநாள் வீட்டில் எனக்கு ‘சூ குவான்’ செய்தார்கள். பயந்துபோனவரை விட்டுக் குவான் என்னும் உயிர்ச்சக்தி அகன்றுவிடும், அதைத் திரும்ப அழைக்க வேண்டும் என்பது நம்பிக்கை. வாழையிலைக் கூம்பு, அவித்த முட்டை, சோற்று உருண்டை எல்லாம் வைத்து, ஒவ்வொருவராக வந்து என் மணிக்கட்டில் வெள்ளை நூலைக் கட்டினார்கள். கட்டும் முன் நூலை என் கைமேல் உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை உரசினார்கள்: கெட்டது போகட்டும், நல்லது வரட்டும் என்று. பதினேழு நூல்கள். முந்தைய நாள் இவர்கள் தலைகுனியக் கூடாது என்று எண்ணி மறைத்தேனே, அவர்களோ நான் மறைத்ததற்குத்தான் வருந்தினார்கள். குறைந்தது மூன்று நாள் அவிழ்க்கக் கூடாது என்றார்கள்.

ஜூலை 23 அதிகாலை எனக்குத் திரும்பும் விமானம். ஆனால் இரண்டாவது ஊசி மூன்றாம் நாள், அதாவது அதே 23ஆம் தேதி. நீண்ட விடுமுறையின் முடிவு என்பதால் ரயிலிலும் பேருந்திலும் இடம் இல்லை. விமானத்தை 25க்கு மாற்ற 6,300 ரூபாய். ஆற்றங்கரையோரம் கோங் சியாம் என்ற ஊரில் முன்பணம் கட்டிய அறைக்கான 1,800 பாட்டும் போயிற்று. இரண்டாவது ஊசிக்கு 700 பாட். எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 44,000 ரூபாய். காப்பீடு இருந்திருந்தால் பெரும்பகுதி திரும்பக் கிடைத்திருக்கும். காப்பீடு வைத்திருப்பவர்கள் மருத்துவமனையில் இருக்கும்போதே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, ஒவ்வொரு ரசீதையும் ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எண் 1669. மொழிச் சிக்கல் என்றால் சுற்றுலாக் காவலர் 1155, ஆங்கிலத்தில் பேசுவார்கள். முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்டு போனவர்களுக்குக் கடித்தபின் இரண்டு ஊசிகள் மட்டும் போதும், விலை மிகுந்த இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. கிராமப் பக்கம் நீண்ட நாள் தங்கப் போகிறவர்கள் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். கோயிலுக்குள் கிராமத்தார் எங்கே நடக்கிறார்கள், எங்கே செருப்பை விடுகிறார்கள் என்று பார்த்து அங்கேயே விடுங்கள். விடியலில் தனியாகச் சந்துகளில் நடக்க வேண்டியிருந்தால் கையில் ஒரு குடை இருக்கட்டும். நாய் வந்தால் ஓடாதீர்கள்.

மூன்றாவது ஊசியைத் திருச்சியில் போட்டுக்கொள்ளப் போனபோது இன்னொரு சிக்கல். தாய்லாந்தில் கொடுத்த தடுப்பூசி அட்டை முழுவதும் தாய் எழுத்து. தேதியில் 20, பிறகு இரண்டு எழுத்துகள், பிறகு 67. செவிலியர் அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது எந்த வருஷம்மா, அறுபத்தேழா?” என்று கேட்டார். தாய்லாந்தில் புத்த ஆண்டுக் கணக்கு. நம் கணக்கோடு 543 சேர்க்க வேண்டும். 2567 என்பதைச் சுருக்கி 67 என்று எழுதியிருந்தார்கள். அது பரவாயில்லை, கணக்குப் போட்டுவிடலாம். ஊசி தசையில் போடப்பட்டதா, தோலுக்குள்ளா என்பதும் தாய் எழுத்திலேயே இருந்ததுதான் பெரிய இடர். தசை என்றால் ஐந்து தவணை, தோலுக்குள் என்றால் நான்கு, நாட்களும் மாறும். பேத்திக்குப் படம் அனுப்பி, அவள் வட்ட மருத்துவமனைக்கே போய்க் கேட்டுத் தசைதான் என்று பதில் அனுப்ப ஒரு பகல் ஆயிற்று. அட்டையை வாங்கும்போதே தேதி, மருந்தின் பெயர், போட்ட முறை மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

நான்காவது ஊசி ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு. காலையில் அம்மா வீட்டிலேயே பூஜை முடித்து என் கையில் மஞ்சள் கயிறு கட்டப் பார்த்தபோது, வெள்ளை நூல்கள் எட்டு இன்னும் இருந்தன. அவற்றை அவிழ்க்காமல் மேலேயே கட்டினார்கள். அதற்குள் கிராமத்திலிருந்து நல்ல செய்தியும் வந்திருந்தது: கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் லுவாங் போ தினமும் அதற்குத் தாமே சோறு வைத்துப் பார்த்திருக்கிறார். ஜூலை 30 அன்றும் அது நலமாகவே இருந்தது. அப்படியென்றால் மீதி ஊசிகளை நிறுத்திக்கொள்ளலாம் என்று திருச்சி மருத்துவர் சொன்னார். மறுபடி அங்கே போகப் போகிறவள் என்பதால் முழுவதும் போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 17 அன்று கடைசி ஊசி முடிந்ததும் கட்டம் எல்லாம் நிரம்பிய அட்டையைப் படம் எடுத்துப் பேத்திக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. உணவு மண்டபப் படியின் இடது புறம் இடுப்பளவு உயரத்துக்கு மூங்கில் வேலி. உள்ளே அந்தப் பெட்டையும் மூன்று குட்டிகளும். வேலியில் கட்டிய அட்டையில் தாய் எழுத்தில் ஒரு வரியும், அதற்குக் கீழே, பார்த்து எழுதியது தெரியும்படி கோணலான ஆங்கில எழுத்தில் நாய் என்ற ஒரு சொல்லும் இருந்தன.